உரைகல்லுக்கு ஓர் உரைகல்

சித்திரை பிறந்ததும் தமிழ் நாட்டில் எத்தனையோ வீடுகளில் ஒரே மாதிரி ஒரு சம்பவம் நடக்கும். கூடத்து மின்சார விசிறி சோம்பல் முறிக்கத் தொடங்கும். கையால் ஒரு தள்ளுத் தள்ளினால் ஓடும். இல்லாவிட்டால் முனகிக்கொண்டு நிற்கும். கடைத்தெருவிலிருந்து மின்சாரக்காரர் வருவார். அண்ணாந்து ஒரு பார்வை பார்ப்பார். "கண்டென்ஸர் போச்சு, ஸார்!" என்பார். சட்டைப் பையிலிருந்து கட்டை விரல் பருமனில் ஒரு டப்பியை எடுத்து மாட்டிவிட்டு, கூலியை வாங்கிக்கொண்டு போய்விடுவார். கண்டென்ஸர் என்றால் என்ன, அது எங்கே போயிற்று என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. காற்று வந்தால் சரி.

கேட்கத் தொடங்கினால் சுமார் 280 வருஷம் பின்னால் போக வேண்டும். ஹாலந்து தேசத்துக் கலாசாலை ஒன்றில் நுழைந்து, நெல்லூர் ஜில்லாவின் சுரங்கங்களில் இறங்கி ஏறி, கடைசியில் உத்தரமேரூர் ஏரிக்கரைக்கு வந்து சேர வேண்டும். உத்தரமேரூர் இதில் எப்படி வந்தது என்று வாசகர்கள் புருவத்தை உயர்த்த வேண்டாம். காரணம் இருக்கிறது.

முதலில் பெயரைப் பார்ப்போம். 'கண்டென்ஸர்' என்ற பெயரை 1782-ல் வைத்தவர் இத்தாலிய விஞ்ஞானி வோல்டா. மின்சாரத்தைச் சுருக்கி அடைப்பது என்ற எண்ணத்தில் வைத்தார். பிற்காலத்துப் பண்டிதர்கள் அது பொருத்தமில்லை என்று தீர்மானித்து 'கபாஸிட்டர்' என்று மாற்றினார்கள். நம்முடைய கடைத்தெரு அந்தத் தீர்மானத்தை இன்றுவரை அங்கீகரிக்கவில்லை. தமிழில் 'மின்தேக்கி' என்கிறார்கள். கலைச்சொல் கமிட்டிகள் செய்து தந்த வார்த்தைகளில் பல நாக்கில் ஏறுவதில்லை. இது ஏறுகிறது. ஏனென்றால் இதற்குள் ஓர் ஏரி இருக்கிறது.

செங்கல்பட்டுச் சீமையில் பிறந்தவர்களுக்கு ஏரியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே வற்றாத நதி கிடையாது. மழை வந்தால் மூன்று நாள் கொட்டித் தீர்க்கும். பிறகு மூன்று மாதம் வானம் வாய் திறக்காது. பயிருக்கோ தினந்தோறும் கொஞ்சம் தண்ணீர் வேண்டும். கொட்டுகிற மழையை வாங்கி வைத்துக்கொண்டு, மதகு வழியாக நிதானமாக விடுவதற்குத்தான் ஏரி. ரேடியோ முதலிய யந்திரங்களுக்குள்ளும் இதே கதைதான். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை ஒரு திசையில் ஓடும் மின்சாரமாக மாற்றும்போது அது விட்டு விட்டு, விநாடிக்கு நூறு தடவை மழை பெய்து ஓய்வது போல் வருகிறது. அதை அப்படியே உபயோகித்தால் பாட்டுக் கேட்காது. 'ஹூம்' என்ற இரைச்சல்தான் கேட்கும். நடுவே ஒரு கண்டென்ஸர் உட்கார்ந்து, வந்ததைத் தேக்கி, சமமாக விடுகிறது. அதன் அமைப்பும் லேசானதுதான். இரண்டு உலோகத் தகடுகள். அவற்றுக்கு நடுவே மின்சாரம் புக முடியாத ஒரு பொருள். அந்த நடுப்பொருள்தான் கரை. கரை எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு அதிகமாகத் தேக்கலாம். மெல்லியதானால் உடையும் அபாயமும் அதிகம். கண்டென்ஸரின் சரித்திரம் முழுவதும் நல்ல கரைக்காக மனிதன் தேடி அலைந்த சரித்திரம்.

உத்தரமேரூர் இன்று காஞ்சீபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. 1997 வரையில் பழைய செங்கல்பட்டு ஜில்லா. எட்டாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நந்திவர்மன் காலத்தில் எழுந்த ஊர். வைகுண்டப் பெருமாள் கோயிலின் அடித்தளக் கற்களில் பராந்தக சோழனுடைய பன்னிரண்டாம், பதினான்காம் ஆட்சி ஆண்டுகளில், அதாவது 919, 921-ல், வெட்டிய சாசனங்களைப் பற்றிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அறிவார்கள். முப்பது குடும்புகள், குடவோலை, விவரம் அறியாத ஒரு சிறுவன் ஓலை எடுப்பது, அதை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்குவது - இந்த ஐந்து விரல் விஷயத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். விரல் இடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கலாம் என்ற சந்தேகம் அவர்களுக்கு ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே வந்திருக்கிறது!

தேர்தலைப் பற்றிப் பேசுகிறவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்ன வேலை பார்த்தார்கள் என்பதைச் சாதாரணமாக விட்டுவிடுகிறார்கள். ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். பொன் வாரியத்துக்கு ஆறு பேர். ஏரி வாரியத்தார் வைரமேக தடாகம் என்ற பெரிய ஏரியைப் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஏரியில் தூர் வாரிக் கரையில் மண் போடுவதற்கென்றே பல்லவர் காலத்திலிருந்து பொன்னும் நிலமும் தர்மமாக வந்திருக்கின்றன. ஏரி வெட்டிய ராஜாவின் பெயர்தான் நிலைக்கும். தூர் வாரினவன் பெயரை யார் நினைக்கிறார்கள்? ஆனால் தூர் வாராத ஏரி ஐம்பது வருஷத்தில் மேய்ச்சல் நிலமாகிவிடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கட்டுவதற்கு ஒரு தர்மம், பழுது பார்ப்பதற்கு ஒரு தர்மம் என்று இரண்டாக வைத்தார்கள்.

பொன் விஷயம் இன்னும் சுவாரஸ்யமானது. பொன்னை உரைத்து மாற்றுப் பார்க்கிறவர்களையும் குடவோலை முறையில் பொறுக்க வேண்டும் என்று சபையார் ஒரு சாசனம் செய்திருக்கிறார்கள். உரைகல்லில் பொன்னை உரைத்தால் கல்லில் கொஞ்சம் பொடி ஒட்டும். அதை ஒரு மெழுகுருண்டையால் ஒற்றி எடுப்பது தட்டார்களின் வழக்கம். நாளடைவில் மெழுகுக்குள் கணிசமான பொன் சேர்ந்துவிடும். அந்த மெழுகை உரைப்பவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. ஏரி வாரியப் பெருமக்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஏற்பாடு. உரைக்கிறவனுடைய நாணயத்தை யார் உரைப்பது என்ற கேள்வி அவர்களுக்கு வந்தது. நம்முடைய விஷயமும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

மின்சார உலகத்துக்கும் உரைகற்கள் உண்டு. 1923-ல் இங்கிலாந்தில் தபால் இலாகா எஞ்சினீயர் ஒருவர், மூன்று நான்கு கருவிகளைச் சுமந்து அலைவது பிடிக்காமல், வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றையும் ஒரே பெட்டியில் அளக்கும்படி செய்தார். மூன்று பெயர்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்து 'ஏவோ' மீட்டர் என்று பெயர் வந்தது. அதன் கறுப்புப் பெட்டியும் தோல் வாரும் நம் நாட்டு மின்சார இலாகாக்களிலும் ரேடியோ கடைகளிலும் இரண்டு தலைமுறைக்குப் பரிச்சயம். அதைவிடப் பெரிய உரைகல் ஆஸிலாஸ்கோப். மின்சாரத்தின் அசைவைப் பச்சை ஒளிக் கோடாகக் கண்ணாடியில் எழுதிக் காட்டுவது. ஜெர்மன் விஞ்ஞானி பிரவுன் 1897-ல் செய்த குழாய்தான் அதற்கு மூதாதை. 1946-ல் அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் டெக்ட்ரானிக்ஸ் என்ற கம்பெனி ஆரம்பித்த பிறகு ஆஸிலாஸ்கோப் வேடிக்கைப் பொருள் என்ற நிலையிலிருந்து அளவு கோல் என்ற நிலைக்கு உயர்ந்தது. நம் பக்கத்திலும் 1949-ல் ராஜம் என்ற தொழிலதிபர் தம் வீட்டை விற்றுக் குரோம்பேட்டையில் தொழில் நுட்பக் கலாசாலை ஆரம்பித்தபோது எலெக்ட்ரானிக்ஸ், கருவியியல் இரண்டையும் பாடமாக வைத்தார். அதுவும் அந்நாளைய செங்கல்பட்டு ஜில்லாதான்.

ரேடியோ கெட்டுப் போனால் ஒரு வீட்டில் பாட்டு நின்றுபோகும். அவ்வளவுதான் நஷ்டம். அளவு கருவி கெட்டுப் போனால் அது பேசாமல் இருப்பதில்லை, பொய் பேசும். முன்னூறு வோல்ட்டை இருநூற்றைம்பது என்று காட்டும். நல்ல ரேடியோவைக் கெட்டது என்று சாதிக்கும். மெக்கானிக் அதை நம்பி நல்ல உறுப்பைப் பிடுங்கி எறிவான். வயல் மோட்டாருக்கு மின்சாரம் குறைவாக வருகிறது என்று எண்ணிக் கூட்டி வைப்பான், மோட்டார் புகையும். கள்ள உரைகல் ஊரிலுள்ள பொன்னையெல்லாம் பித்தளையாக்கிவிடும். ஆகையால் பழைய அளவு கருவியைச் சீர்திருத்தும்போது எந்தக் கண்டென்ஸரை எடுப்பது, எதை வைப்பது என்பது சில்லறை விஷயம் அல்ல.

உத்தரமேரூருக்கு அருகே ஒரு கிராமத்தில் என் சிநேகிதர் ஒருவர் இருக்கிறார். வயது எழுபத்தெட்டு. வாலிபத்தில் பஞ்சாயத்து ரேடியோக்களைப் பழுது பார்த்தவர். சைக்கிளில் ஊர் ஊராகப் போனவர். சென்ற வருஷம் யாரோ பழைய இரும்பு விலைக்கு விற்க இருந்த டெக்ட்ரானிக்ஸ் 545-ஏ ஆஸிலாஸ்கோப் ஒன்றை வாங்கி வந்திருந்தார். அறுபதுகளில் செய்தது. கனம் ஏறக்குறைய முப்பது கிலோ. இரண்டு பேராகத் தூக்கித் திண்ணையில் வைத்தோம். நான் அவசரக்காரன், "போட்டுப் பார்த்துவிடலாமே!" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இருபத்தைந்து வருஷமாகக் காய்ந்து கிடந்த ஏரியிலே ஒரே ராத்திரியில் வெள்ளத்தைத் திறந்து விட்டால் கரை என்ன ஆகும், ஸார்?" என்று கேட்டார்.

"உடையும்."

"அதேதான். இதிலே உடைந்தால் வெடிக்கும்."

அவர் சொன்னது எலெக்ட்ரோலிடிக் என்ற ஜாதிக் கண்டென்ஸர்களைப் பற்றி. அதற்கு வருமுன் அந்தப் பெட்டிக்குள் இருந்த மற்ற ஜாதிகளின் பூர்வோத்தரத்தைச் சொல்ல வேண்டும். பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு சரித்திரக் காட்சிசாலையே இருந்தது.

எல்லாவற்றுக்கும் தாய் கண்ணாடிக் குடுவை. 1745 அக்டோபரில் பொமரேனியாவில் கிளைஸ்ட் என்ற தேவாலய அதிகாரியும், அடுத்த சில மாதங்களில் லெய்டன் நகரப் பேராசிரியர் முஸ்ஷென்புரூக்கும், ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே காரியத்தைச் செய்தார்கள். தண்ணீர் நிறைந்த குடுவைக்குள் ஓர் ஆணியையோ கம்பியையோ விட்டு, மின்சாரத்தை அதில் இறக்கினார்கள். மின்சாரம் ஒரு வகைத் திரவம் என்பது அந்தக் காலத்து எண்ணம். திரவத்தைப் பிடிக்கக் குடுவை வேண்டுமல்லவா? பிறகு ஒரு கையில் குடுவையும் மறு கை கம்பியிலுமாகத் தொட்டார்கள். பேராசிரியர் உடல் முழுவதும் இடி விழுந்தாற்போல் குலுங்கியது. பிரான்சு ராஜ்யத்தையே கொடுத்தாலும் இன்னொரு தடவை தொட மாட்டேன் என்று பாரிசுக்குக் கடிதம் எழுதினார். பாரிசில் இருந்தவர்களுக்கு இந்தப் பயம் இல்லை. நொல்லே என்ற பாதிரியார் அரசன் பதினைந்தாம் லூயியின் முன்னிலையில் நூற்றெண்பது சிப்பாய்களைக் கை கோத்து நிறுத்திக் குடுவையைத் தொட வைத்தார். நூற்றெண்பது பேரும் ஒரே கணத்தில் துள்ளினார்கள். அரசனுக்குப் பரம சந்தோஷம். ராஜாக்களின் பொழுதுபோக்கே தனி.

தேக்கிய மின்சாரம் விளக்கணைத்த பிறகும் காத்திருக்கும் என்பதை அன்று சிப்பாய்கள் கற்றார்கள். 545-ஏ பெட்டியில் ஒளிக் குழாய்க்காகப் பத்தாயிரம் வோல்ட் உண்டாகிறது. சுவரிலிருந்து கம்பியைப் பிடுங்கி எறிந்த பிறகும் உள்ளே கண்டென்ஸர்கள் வெகு நேரம் மின்சாரத்தை வைத்துக்கொண்டிருக்கும். என் சிநேகிதர் திறந்தவுடன் செய்த முதல் காரியம், ஒரு ரெஸிஸ்டர் கட்டிய கம்பியால் ஒவ்வொன்றையும் பூமியோடு தொட்டு வடித்ததுதான். அப்போதும் இடது கையை இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். இரு கையும் உள்ளே இருந்தால் மின்சாரம் ஒரு கையில் ஏறி நெஞ்சின் குறுக்கே மறு கைக்குப் போகும். இது அவருக்கு ஆசான் கற்பித்த பாடமாம்.

குடுவைக்கு அடுத்து வந்தது மைக்கா. நாம் சிறு வயதில் மணலில் பொறுக்கிப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்த காக்காய்ப்பொன்தான்! அது ஏடு ஏடாகப் பிரியும், தலைமயிரைவிட மெல்லியதாகப் பிரித்தாலும் மின்சாரம் புகாது, சூட்டுக்கு அஞ்சாது. கம்பியில்லாத் தந்தி நிலையங்களில் அறை நிறைய இருந்த கண்ணாடிக் குடுவைகளுக்குப் பதிலாக, 1909 முதல் அமெரிக்கரான டுபிலியர் மைக்காக் கண்டென்ஸர்களைச் செய்து காட்டினார். அப்போது உலகம் முழுவதும் நல்ல மைக்காவுக்கு நம் நாட்டைத்தான் பார்த்தது. பீகாரில் கோடர்மா, ஹஜாரிபாக். சென்னை மாகாணத்தில் நெல்லூர் ஜில்லாவின் கூடூர்ப் பக்கம். 1953-ல் ஆந்திர ராஜ்யம் பிரியும் வரை நெல்லூர் நம்மோடு இருந்த ஊர். அங்கே பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, சிறு கத்தியால் ஏடு பிரிப்பார்கள். யந்திரத்தால் அந்த வேலையைச் செய்ய முடியவில்லை, விரல்தான் வேண்டியிருந்தது. (கோடர்மாப் பக்கத்தில் குழந்தைகளின் விரல்களும் அந்த வேலையில் அகப்பட்டுக்கொண்டதையும், வெகு பிற்காலம் வரை அது ஓயாததையும் இங்கே சொல்லாமல் போவது நியாயமல்ல.)

இரண்டாவது மகா யுத்தத்தில் மைக்காவுக்குப் பெரும் பஞ்சம் வந்தது. ஆகாய விமானத்திலும் டாங்கியிலும் ராடாரிலும் ரேடியோ, ரேடியோவுக்கெல்லாம் மைக்கா. பிரிட்டனும் அமெரிக்காவும் கூட்டாக ஒரு குழுவை அனுப்பி இந்தியாவில் மைக்கா வாங்கின. அதுவரையில் மைக்காவைத் தரம் பிரித்தது எப்படி? கண்ணால். வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். கறையில்லாமல் பளபளவென்றிருந்தால் முதல் தரம். புள்ளியோ கறையோ இருந்தால் கழிவு. பஞ்சம் வந்த பிறகு அமெரிக்காவில் பெல் டெலிபோன் ஆராய்ச்சிச் சாலையார் கண்ணை நம்பாமல் கருவி கொண்டு சோதித்தார்கள். கறை பட்டது என்று ஒதுக்கியதில் எவ்வளவோ மைக்கா கண்டென்ஸருக்கு நன்றாகவே உதவும் என்று தெரிந்தது! தலைமுறை தலைமுறையாக நிறத்தைப் பார்த்து ஒதுக்கியிருக்கிறார்கள். பெண் பார்க்கப் போகும் மாமியார்களுக்கு இந்தச் செய்தி எட்டியதாகத் தெரியவில்லை.

சிநேகிதர் பெட்டியில் இருந்த மைக்காக் கண்டென்ஸர்களை ஒன்று விடாமல் அளந்தார். அநேகமாக எல்லாம் அறுபது வருஷத்துக்குப் பிறகும் எழுதியபடியே அளவு காட்டின. அவற்றை அவர் தொடவில்லை. "நல்லா இருக்கிறவனை ஆஸ்பத்திரியிலே சேர்க்கக் கூடாது ஸார்" என்றார். இது முக்கியம். பழைய கருவி கிடைத்ததும் கண்ணில் பட்ட கண்டென்ஸரையெல்லாம் பிடுங்கிப் புதிது வைத்தால் தீர்ந்தது என்று நினைக்கிறவர்கள் உண்டு. ரேடியோவில் அது ஓரளவு நடக்கும். ஆஸிலாஸ்கோப்பில் காலத்தை அளக்கும் பகுதி இருக்கிறது. ஒளிப் புள்ளி இத்தனை மைக்ரோ விநாடியில் இவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்று தீர்மானிக்கிற கண்டென்ஸர்கள். அவற்றைக் கம்பெனிக்காரர்கள் ஒன்றுக்கொன்று பொருத்தம் பார்த்துத் தேர்ந்து வைத்திருக்கிறார்கள். சந்தையில் வாங்கிய ஒன்றை அங்கே வைத்தால் கருவி ஓடும். ஆனால் விநாடி விநாடியாக இராது. பொய் சொல்கிற உரைகல் ஒன்று புதிதாகப் பிறந்துவிடும்.

மூன்றாவது ஜாதி காகிதம். 1876-ல் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற ஆங்கிலேயர் உரிமை பதிவு செய்தார். மெழுகில் தோய்த்த காகிதத்தையும் உலோகத் தாளையும் மாற்றி மாற்றி வைத்துப் பாயைப் போல் சுருட்டுவது. விலை குறைவு. ரேடியோ யுகம் முழுவதும் இந்த மெழுகுக் காகிதச் சுருள்களின் மீதுதான் நடந்தது. மெழுகு என்றதும் எனக்கு உரைகல் மெழுகு ஞாபகம் வருகிறது. அதற்குள்ளே பொன் சேர்ந்தது, இதற்குள்ளே ஈரம் சேருகிறது. காகிதம் எவ்வளவு மெழுகில் தோய்ந்தாலும் காகிதம்தான். ஐப்பசி, கார்த்திகை ஈரமும் அக்கினி நட்சத்திரச் சூடும் மாறி மாறித் தாக்கினால் எந்தக் காகிதம் தாங்கும்? யுத்தத்தில் பர்மாக் காடுகளுக்கும் பசிபிக் தீவுகளுக்கும் போன வெள்ளைக்காரப் பட்டாளத்தின் கருவிகள் பூசணம் பிடித்து ஊமையாயின. அதன் பிறகுதான் உஷ்ணப் பிரதேசத்துக்கென்று வார்னிஷ் பூசி மூடிய கருவிகளைச் செய்யக் கற்றார்கள்.

காகிதக் கண்டென்ஸரின் வியாதி கசிவு. அது எவ்வளவு கொடியது என்பதற்கு ஒரு விவரம் சொல்கிறேன். ஒரு வால்விலிருந்து அடுத்த வால்வுக்குச் சமிக்ஞையைக் கடத்தும் இடத்தில் ஒரு கண்டென்ஸர் இருக்கும். முன் வால்வில் இருநூறு வோல்ட். அது பின் வால்வுக்குப் போகக் கூடாது. அசைவு மட்டும் போக வேண்டும். கரை கசிந்தால் இருநூறில் பத்து வோல்ட் அந்தப் பக்கம் இறங்கிவிடும். பத்து வோல்ட்தானே என்று தோன்றும். பின் வால்வு அந்தப் பத்து வோல்ட்டினால் வெறி பிடித்தாற்போல் மின்சாரத்தை உறிஞ்சிச் சிவந்து, தானும் கெட்டு, மேலே இருக்கும் டிரான்ஸ்பார்மரையும் எரித்துவிடும். சாதாரண மீட்டரின் சிறு பாட்டரியை வைத்துச் சோதித்தால் இந்தக் கசிவு தெரியாது. கோடையில் ஏரிக்கரையில் நடந்து போய் ஒரு குறையும் இல்லை என்று சொல்வது போன்றது அது. தண்ணீர் நின்றால்தானே கசிவு தெரியும்? கண்டென்ஸருக்கு உரிய முழு வோல்ட்டையும் கொடுத்து, எத்தனை மைக்ரோ ஆம்பியர் கசிகிறது என்று அளக்க வேண்டும். சிநேகிதர் அப்படி அளந்த காகிதக் கண்டென்ஸர்கள் ஏழில் ஆறு கசிந்தன. ஏழாவதையும் எடுத்துவிட்டார், அடுத்த கார்த்திகையில் அதுவும் கசியும் என்றார்.

பதிலுக்கு என்ன வைப்பது? இங்கே ஒரு மோகம் மக்களைப் பிடித்து ஆட்டுகிறது. 'அந்தக் காலத்துச் சரக்கு, பெட்டி பிரிக்காதது' என்று பழைய காகிதக் கண்டென்ஸர்களையே தேடி அதிக விலைக்கு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். உபயோகிக்காமல் இருந்தால் மட்டும் வயதாகாமல் இருக்குமா? ஐம்பது வருஷம் அலமாரியில் இருந்த அப்பளத்தை எண்ணெயில் போட்டுப் பாருங்கள், தெரியும். அந்த இடத்துக்குத் தகுந்தது பிளாஸ்டிக் படலத்தால் செய்தது. 1941-ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்ஸனும் கண்டுபிடித்த பாலியெஸ்டர்தான் நமக்கு டெரிலீன் சட்டையாகவும் வந்தது, கண்டென்ஸருக்குள் படலமாகவும் புகுந்தது. அதன் தங்கை பாலிப்ரோபிலீன் அதைவிட ஒழுங்கானது. ஈரத்தைக் குடிக்காது. சென்னை ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. பழையதில் 0.05 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருந்தால் இன்று 0.047தான் கிடைக்கும், கவலைப்பட வேண்டாம், பழையதே நூற்றுக்கு இருபது முன் பின்னாகத்தான் செய்யப்பட்டது. வோல்ட்டில் மட்டும் கருமித்தனம் கூடாது. நானூறு என்று இருந்த இடத்தில் அறுநூற்று முப்பது வைக்கலாம். நானூறு இருந்த இடத்தில் இருநூற்றைம்பது கூடவே கூடாது. கரை உயரமாக இருப்பதால் ஏரிக்கு நஷ்டம் இல்லை.

யுத்த கால மைக்காப் பஞ்சத்தில் அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான் மூன்று தேசத்திலும் தனித்தனியே கண்டுபிடித்த பேரியம் டைட்டனேட் என்ற மண்பாண்ட வகையிலிருந்து சின்னஞ்சிறு பீங்கான் கண்டென்ஸர்கள் வந்தன. சிறிய உருவத்தில் நிறையத் தேக்கும். ஆனால் சூட்டுக்கும் வோல்ட்டுக்கும் தகுந்தாற்போல் அளவு மாறிக்கொண்டே இருக்கும். எழுதியிருப்பதை நம்ப முடியாது. அளவைத் தீர்மானிக்கிற இடத்தில் இவற்றை வைப்பது எடைக்கல்லை ரப்பரால் செய்வது போல.

இனி வெடிக்கிற ஜாதிக்கு வருவோம். 1896-ல் போலந்துக்காரரான போலாக் உரிமை கேட்ட சரக்கு. அலுமினியத் தகட்டின் மேல் மின்சாரத்தாலேயே ஒரு துரு படியச் செய்வது. அந்தத் துருதான் கரை. கரை அவ்வளவு மெல்லியதாக இருப்பதால் சிறு டப்பிக்குள் பெரிய ஏரி அடங்கும். ஆனால் இந்தக் கரைக்கு ஒரு குணம்: தினமும் மின்சாரம் நின்றால்தான் அது உறுதியாக இருக்கும். வருஷக் கணக்கில் சும்மா வைத்தால் கரைந்து மெலியும். உள்ளே இருக்கும் ரசமும் வற்றும். அதனால்தான் சிநேகிதர் ஸ்விட்சைப் போடவிடவில்லை. ஒவ்வொரு டப்பியையும் வெளியே எடுத்து, பெரிய ரெஸிஸ்டர் ஒன்றின் வழியாக, முதலில் ஐம்பது வோல்ட், மறு நாள் நூறு, பிறகு நூற்றைம்பது என்று ஏற்றிக்கொண்டு போனார். நாள் கணக்கில் நடந்த வேலை. சில டப்பிகளில் கசிவு குறைந்து குறைந்து கரை மீண்டும் கட்டிக்கொண்டது. சிலவற்றில் கட்டவில்லை, தொட்டால் சுட்டன. அவற்றை ஓய்வு பெறச் செய்தார்.

பதிலுக்கு வாங்கும்போது கடைக்காரர் எண்பத்தைந்து டிகிரி சரக்கைத்தான் எடுத்து நீட்டுவார். நூற்றைந்து டிகிரி என்று எழுதியதைக் கேட்டு வாங்க வேண்டும். சூடு பத்து டிகிரி ஏறினால் இதன் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் உள்ளவர்களின் கணக்கு. வால்வுகள் நிறைந்த பெட்டி. வெளியே உத்தரமேரூர் வெயில். பாதி, பாதியில் பாதி என்று போனால் என்ன மிஞ்சும்? பெரியதாக வைத்தால் நல்லதுதானே என்று நானும் கேட்டேன். ரெக்டிபையர் வால்வு உள்ள பழைய கருவியில் அதற்கு முன்னால் பெரிய ஏரியைக் கட்டினால், ஸ்விட்சைப் போட்ட கணத்தில் அந்த ஏரியை நிரப்பப் போய் வால்வு தீய்ந்துவிடுமாம். பதினாறு இருந்தால் பதினாறோ இருபதோ, நூறு அல்ல. சுவர் மின்சாரக் கம்பிக்கும் கருவியின் வெளித் தகட்டுக்கும் நடுவே நேராக உட்காருகிற கண்டென்ஸர் மட்டும் தனி ஜாதி. அதற்கென்று பாதுகாப்பு முத்திரை பெற்ற வகைகள் இருக்கின்றன. அங்கே சாதாரணச் சரக்கை வைத்தால், அது உடைகிற அன்று கருவியின் வெளித் தகடே உயிரை வாங்கும். கிராமத்து வீடுகளில் பூமிக் கம்பி இருக்கும் லட்சணம் எல்லோருக்கும் தெரியும்.

புதியவற்றைப் பழைய அட்டைக் குழாய்க்குள் ஒளித்து, மெழுகு ஊற்றி மூடி, பார்வைக்குப் பழையது போலவே செய்கிற கலைஞர்கள் இருக்கிறார்கள். ரொம்ப அழகான வேலை. நான் அதை ஆதரித்துப் பேசினேன். சிநேகிதர் ஒப்புக்கொள்ளவில்லை. "நாளைக்கு இன்னொருத்தன் திறப்பான். அவன் ஏமாறலாமா?" என்றார். எனக்குக் கோயில் திருப்பணிகள் ஞாபகம் வந்தன. திருப்பணி என்ற பெயரால் சாசனத்தின் மேல் சுண்ணாம்பு அடித்ததையும், மணலை வீசிச் சுவரைப் பளபளப்பாக்கியதையும் இந்த நாடு பார்த்திருக்கிறது. பூசி மூடிய பழமை, பழமை ஆகுமா? அலங்காரத்துக்கு வைக்கும் ரேடியோவில் என்னவோ செய்துவிட்டுப் போகட்டும்; அளவு கருவி விஷயத்தில் நான் அவர் கட்சிக்கு மாறிவிட்டேன்.

பெட்டிக்குள் ஓர் ஓரத்தில் சின்னச் சுருள் ஒன்று மாட்டியிருந்தது. வெள்ளி கலந்த ஈயக் கம்பி. அந்தக் காலத்து டெக்ட்ரானிக்ஸ் பெட்டிகளில் கம்பிகளைப் பீங்கான் பட்டைகளில் பற்ற வைத்திருப்பார்கள். சாதாரண ஈயத்தால் மீண்டும் மீண்டும் பற்ற வைத்தால் பீங்கானிலுள்ள வெள்ளிப் பூச்சு கழன்றுவிடும். பின்னால் என்றோ ஒரு நாள் பழுது பார்க்க வரும் முகம் தெரியாத மனிதனுக்காகக் கம்பெனியிலேயே அந்தச் சுருளை உள்ளே வைத்து அனுப்பினார்கள். சிநேகிதர் அதிலிருந்து நான்கு விரற்கடை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு மீதியை இருந்த இடத்திலேயே மாட்டினார். தூர் வாருவதற்குத் தனியாக ஒரு தர்மம் வைத்தவர்களின் நினைவு எனக்கு வந்தது.

ஒரு சந்தேகம் பாக்கி. கண்டென்ஸர்களை அளந்தாரே, அந்தக் கருவி சரியென்று அவருக்கு எப்படித் தெரியும்? கேட்டேன். நூற்றுக்கு ஒன்று பிசகாத புதிய படலக் கண்டென்ஸர்கள் மூன்றை வைத்துத் தம் மீட்டரைச் சோதித்ததாகச் சொன்னார். அந்த மூன்றை அளந்தவர்கள் கம்பெனிக்காரர்கள். கம்பெனியின் கருவிக்கு மேலே, ஏணிப் படி போல ஏறினால், டில்லியில் 1950-ல் திறந்த தேசியப் பௌதிக ஆராய்ச்சிச் சாலை போன்ற இடங்கள் வரும். அதற்கும் மேலே? 1956-ல் ஆஸ்திரேலியாவில் தாம்ஸன், லாம்பார்டு என்ற இருவர் ஒரு தேற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். நான்கு உலோகத் தண்டுகளை ஒரு விதமாக நிறுத்தினால் அவற்றுக்குள் உண்டாகும் தேக்கம் தண்டின் பருமனையோ வடிவத்தையோ பொறுத்திராது. ஒரே ஒரு நீளத்தை மட்டும் பொறுத்திருக்கும். நீளத்தை அளந்தால் தேக்கம் தெரிந்துவிடும். நீளத்துக்கு அளவு கோல் 1983 முதல் ஒளியின் வேகம். அங்கே போய் ஏணி சாய்ந்திருக்கிறது.

சிநேகிதர் அந்த ஏணியைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை. மாற்றிய கண்டென்ஸர்களின் இடம், அளவு, தேதி எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிப் பெட்டியின் உட்புறத்தில் ஒட்டினார். கழற்றிய பழையவற்றை ஓர் உறையில் போட்டு வைத்தார். அவற்றில் எண்ணெய் நிரப்பிய இரண்டைத் தனியே கட்டினார். பழைய கண்டென்ஸர் எண்ணெய்களில் பலவற்றில் பி.ஸி.பி. என்ற விஷம் உண்டு, அமெரிக்காவில் அதன் உற்பத்தியை 1979-ல் தடுத்துவிட்டார்கள். பிறகு மின்சாரத்தை மெதுவாக ஏற்றினார். ஐந்து நிமிஷம் கழித்துக் கண்ணாடியில் ஒரு பச்சைக் கோடு எழுந்தது. உள்ளேயே இருக்கும் சோதனைச் சமிக்ஞையைக் கொடுத்தபோது கோடு சதுரம் சதுரமாகக் கோட்டைச் சுவர் போல் நின்றது. அவர் கண்ணாடியில் உள்ள கட்டங்களை விரலால் எண்ணினார். கால் கட்டம் குறைந்தது. "இன்னும் ஒண்ணு எங்கேயோ இருக்கு" என்று சொல்லி, ஸ்விட்சை அணைத்துவிட்டு, இடது கையை இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.